ஐசிஸை வைத்து ஆடுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

திருகோணமலையில் என்னிடம் ஏஜ் ஒஃப் மித்தோலஜி என்ற கணினிப் போர் விளையாட்டைக் கற்க வரும் தம்பிமார் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எந்தத் தெய்வத்தை எடுத்தால் கெதியில் எதிரியின் ஊரைக் கொளுத்தலாம்?" சியூஸ், லோகி, சேத் என்று அவர்கள் விரல் அலைந்துகொண்டிருக்கும்போதே நான் எகிப்தியர் பக்கம் போய் ஐசிஸை அமுக்கிவிடுவேன். உடனே முகம் சுருங்கும். சுருங்கட்டும். முதல் ஆட்டத்திலேயே கொளுத்தப் போகிறவர் பத்தாவது நிமிடத்தில் கொளுத்தவும் ஆளில்லாமல், கட்டவும் ஆளில்லாமல் நிற்பார்.

ஐசிஸ் பொருளாதாரத் தெய்வம். ஆனால் அப்படிச் சொன்னதும் பலர் சேமிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். திரையில் பொன் ஆயிரம், உணவு ஆயிரத்தைந்நூறு என்று எண்கள் ஏற ஏறப் பூரித்துப் போகிறார்கள். கந்தளாய்க் குளத்தை நிரப்பி வைத்துவிட்டுத் தம்பலகாமத்து வயலைக் காயவிடுவது போன்ற வேலை அது. அந்த எண்கள் எப்போதும் சிறியவையாக இருக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதற்கான வழிகள்.

விளையாட்டு முதலில் 2002இல் வந்தது. 2024இல் ரீடோல்ட் என்ற பெயரில் புதுப்பித்து வெளியிட்டார்கள். நான் ரீடோல்டை வைத்துத்தான் சொல்கிறேன். பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஏன் ஐசிஸ்?

எகிப்தியருக்கு வீடு கட்டச் செலவில்லை. களஞ்சியம், சுரங்க முகாம், மர முகாம் ஆகியவற்றுக்கும் செலவில்லை. கட்டி முடிக்க நேரம் எடுக்கும், அவ்வளவுதான். கிரேக்கரை எடுத்தவர் வீட்டுக்கு மரம் போதாமல் விழிக்கும் நேரத்தில் நீங்கள் விழிக்க வேண்டியதில்லை. ஐசிஸ் மேம்பாடுகளின் விலையையும் குறைத்துத் தருகிறாள். எகிப்தியரிலேயே ராவும் பொருளாதாரத்துக்கு நல்லவர்தான். மழை பெய்வித்துப் பண்ணைகளைச் செழிக்க வைப்பார், பூசகர்களைக் கொண்டே கட்டடங்களுக்கு வலுவூட்டுவார். ஆனால் புதியவருக்கு ஒரே நேரத்தில் அத்தனை பூசகர்களைக் கவனிக்கக் கை போதாது.

படி 1: முதல் சில நிமிடங்கள்

உணவு, மரம், பொன், தெய்வ அருள் என நான்கு வளங்கள். தொடக்கத்தில் நீங்கள் நினைக்க வேண்டியது உணவை மட்டும். ஒரு தொழிலாளருக்கு 50 உணவு. நகர மையம் ஒரு கணமும் சும்மா இருக்கக் கூடாது. ரீடோல்டில் தொழிலாளரைத் தானாகவே தொடர்ந்து உருவாக்கும் வசதி இருக்கிறது. வெட்கப்படாமல் அதைப் போட்டுவிடுங்கள். யார் எந்த வளத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கணினியே பிரித்துக் கொடுக்கும் இன்னொரு வசதியும் உண்டு. அதை முதல் சில ஆட்டங்களுக்கு அணைத்து வையுங்கள். எங்கே ஆள் குறைகிறது என்று கண் பழக வேண்டும்.

உணவுக்கு வேட்டையே வேகம். ஃபிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்களுக்கு ஊட்டி வளர்ந்த பிள்ளைகளுக்குத் திரையில் மானை அடிக்க மனம் வருவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வேறு வழியில்லை. விலங்குகள் மேயும் இடத்துக்கு அருகிலேயே ஒரு களஞ்சியத்தைக் கட்டுங்கள். இறைச்சியைச் சுமந்துகொண்டு நகர மையம் வரை நடக்கும் ஒவ்வோர் அடியும் வீண். யானை, நீர்யானை போன்றவை திருப்பித் தாக்கும். அவற்றிடம் தனியாளை அனுப்பாதீர்கள். வளர்ப்பு ஆடுகள் கிடைத்தால் உடனே வெட்ட வேண்டாம். நிற்க நிற்க அவை கொழுக்கும்.

பொன்னுக்கு மூன்று நான்கு பேரைத் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள். மற்ற இனங்கள் பண்ணைக்கு மரம் கொடுக்கும். எகிப்தியர் பொன் கொடுக்கிறார்கள். மரத்துக்கு இப்போதைக்கு யாரும் வேண்டாம். கடல் உள்ள வரைபடமானால் மட்டும் விதிவிலக்கு: மீன்பிடிப் படகுகளுக்கு மரம் தேவை. துறைமுக ஊர்க்காரர்களுக்குக் கடலைக் கண்டால் கை துறுதுறுக்கும்தான், ஆனால் முதல் ஆட்டத்துக்குத் தரை வரைபடத்தையே எடுங்கள்.

படி 2: பாரோவை எங்கே நிறுத்துவது

எகிப்தியரின் பெருஞ்சொத்து பாரோ மன்னர். அவரை ஒரு கட்டடத்தின் அருகே நிறுத்தி வலுவூட்டச் சொன்னால் அந்தக் கட்டடம் கூடுதல் திறனோடு இயங்கும். நகர மையமானால் ஆட்கள் விரைவாக வருவார்கள். களஞ்சியமோ சுரங்க முகாமோ ஆனால் கொண்டுவந்து சேர்ப்பதன் மதிப்புக் கூடும். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடமானால் விரைவில் எழும். நினைவுச்சின்னமானால் அருள் அதிகம் சுரக்கும்.

எல்லோரும் அவரை நகர மையத்தில் நிறுத்துவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. ஆட்கள் விரைவாக வந்தாலும் அவர்களை உருவாக்க உணவு அதே வேகத்தில் வர வேண்டுமே. முதலில் வேட்டைக் களஞ்சியத்தில் நிறுத்துங்கள். உணவு மீதப்படத் தொடங்கியதும் நகர மையத்துக்கு மாற்றுங்கள். அவரை ஒரே இடத்தில் மறந்துவிடுவதுதான் புதியவர்களின் பெரிய இழப்பு. காலத்துக்குக் காலம் "மன்னர் எங்கே?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எதிரி அவரைக் கொன்றாலும் சிறிது நேரத்தில் புதிய பாரோ வந்துவிடுவார். அதற்காகப் போர்முனைக்கு அனுப்பி வைக்க வேண்டியதில்லை.

படி 3: இரண்டாம் காலமும் நினைவுச்சின்னங்களும்

ஆட்டத்தில் உங்கள் ஊர் காலம் (ஏஜ்) காலமாக உயரும். ஒரு கோயிலும் 400 உணவும் இருந்தால் இரண்டாம் காலத்துக்கு உயரலாம். உயர்ந்துகொண்டிருக்கும்போது நகர மையத்தால் தொழிலாளரை உருவாக்க முடியாது. ஆகவே 15க்கும் 20க்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் ஆட்கள் சேர்ந்த பின் பொத்தானை அழுத்துங்கள். அதற்கு முன் வீடுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு 10 பேருக்கு இடம் தரும். மொத்தம் 10 வீடுகள்தான் கட்டலாம்.

உயரும்போது துணைத் தெய்வம் கேட்கும்: அனுபிஸா, பாஸ்டா? அனுபிஸின் குள்ளநரித்தலை வீரர்கள் பாய்ந்து போய்க் கொள்ளையடிக்க நல்லவர்கள். நாம் பாஸ்டை எடுப்போம். மரம் வெட்டும் வேகத்தைக் கூட்டும் ஆய்வு அவளிடம் இருக்கிறது. இதுவரை மரத்தைப் புறக்கணித்த நமக்கு அது இனிக் கைகொடுக்கும்.

அருள் சேர்க்கக் கிரேக்கர் தங்கள் ஆட்களைக் கோயிலில் வழிபட வைக்க வேண்டும். நோர்ஸ் இனத்தார் சண்டையிட வேண்டும். எகிப்தியருக்கு நினைவுச்சின்னம் கட்டினால் போதும், அருள் தானாகச் சுரக்கும். ஐந்து சின்னங்கள் உண்டு, வரிசையாகத்தான் கட்ட முடியும். ஒவ்வொன்றும் முந்தியதைவிட விலை கூடியது.

ஐசிஸின் உண்மையான பலமே இந்தச் சின்னங்களில்தான் இருக்கிறது என்பேன். அவளுடைய நினைவுச்சின்னத்தைச் சுற்றியுள்ள பரப்பில் எதிரியால் தெய்வ சக்தியை ஏவ முடியாது. ஆர்ட்டெமிஸின் நிலநடுக்கமோ தோத்தின் விண்கல்லோ அங்கே செல்லாது. அழகுக்காகச் சின்னங்களைக் கோயிலைச் சுற்றி வரிசைப்படுத்தி வைக்காதீர்கள். ஒன்று நகர மையத்தையும் பண்ணைகளையும் மூடட்டும். ஒன்று பொன் சுரங்கத்தருகே இருக்கட்டும். ஒன்று படை உருவாகும் இடத்தில். எதிரியும் இதை அறிந்து முதலில் சின்னத்தை உடைக்கத்தான் வருவான் என்பதால், கோபுரத்தின் கண் எட்டும் இடமாகப் பாருங்கள்.

படி 4: செழிப்பு சக்தி

ஐசிஸ் தொடக்கத்திலேயே தரும் தெய்வ சக்தி இது. சிறிது நேரத்துக்குப் பொன் தோண்டும் வேகத்தைக் கூட்டும். பழைய பதிப்பில் ஒரே தடவைதான். ரீடோல்டில் அருளைச் செலவழித்து, இடைவெளி விட்டு மீண்டும் ஏவலாம்.

சுரங்கத்தில் மூன்று பேர் நிற்கும்போது இதை ஏவுவது வீண். ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் சுரங்க முகாம் பொன்னை ஒட்டியே இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முகாமில் கிடைக்கும் முதல் மேம்பாட்டை வாங்குங்கள். பாரோவை அங்கே நிறுத்துங்கள். வேட்டையிலிருந்து ஏழெட்டுப் பேரைப் பொன்னுக்குத் திருப்புங்கள். அதன் பிறகு ஏவுங்கள். வேகம் தணிந்ததும் ஆட்களைப் பழைய வேலைக்கு அனுப்பிவிட்டு, குவிந்த பொன்னை உடனே கரையுங்கள்: பண்ணைகள், மேம்பாடுகள், அடுத்த நினைவுச்சின்னம். குவித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் செழிப்பை ஏவாமலே இருந்திருக்கலாம்.

படி 5: எதிரி முன்கூட்டியே வந்தால்

வருவான். பொருளாதாரத் தெய்வத்தை எடுத்தவரிடம் படை இராது என்பது அவனுக்குத் தெரியும். நகர மையத்தில் பொன் கொடுத்துக் கூலிப்படை எடுக்கலாம். குறுகிய நேரமே உயிரோடிருப்பார்கள், ஆனால் உடனே வருவார்கள். அவசரத்துக்கு அது போதும். அதை வழக்கமாக்கினால் பொன் தீர்ந்துவிடும்.

நிலையான படைக்கு எதிரி என்ன கொண்டுவருகிறான் என்று பார்த்து எடுங்கள். குதிரைக்கு ஈட்டிக்காரர், காலாட்படைக்குக் கோடரிக்காரர், வில்லாளருக்குக் கவண்காரர். கவண்காரருக்கு மட்டும் மரமும் வேண்டும். இந்த நேரத்தில் மரத்துக்கு ஐந்தாறு பேர் போயிருக்க வேண்டும். புராண மிருகங்கள் வந்தால் பூசகர்களை முன்னே விடுங்கள். சாதாரண வீரரை மிருகம் விழுங்கும், நாயகர் மிருகத்தை வீழ்த்துவர். எகிப்தியரின் நாயகர் பூசகர்களும் பாரோவும்தான்.

படி 6: மூன்றாம் காலம்

800 உணவு, 500 பொன், ஒரு ஆயுதசாலை. துணைத் தெய்வங்களில் நெப்திஸ் பூசகர்களையும் பாரோவையும் வலுப்படுத்துவாள். சோபெக்கின் வெட்டுக்கிளிக் கூட்டம் எதிரியின் பண்ணைகளை அழிக்கும். நீண்ட ஆட்டமாக இருந்தால் நான் சோபெக் பக்கம்.

வேட்டை இப்போது தீர்ந்துகொண்டிருக்கும். பண்ணைகளை நகர மையத்தைச் சுற்றிப் போட்டு, உழவு, நீர்ப்பாசனம் என்று களஞ்சியத்தின் மேம்பாடுகளை வாங்குங்கள். ஐசிஸுக்கென்றே 'நைலின் வெள்ளம்' என்ற ஆய்வு இருக்கிறது. ஆளே வேலை செய்யாமல் உணவு சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கும். ஐசிஸின் கண்ணீரால் நைல் பெருகுகிறது என்ற பழைய நம்பிக்கையை விளையாட்டுக்காரர்கள் இப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிடைத்ததும் வாங்குங்கள், முந்தி வாங்குபவருக்குத்தான் லாபம்.

அடுத்து, வெறுமையாகக் கிடக்கும் குடியிருப்பு நிலத்தில் இரண்டாவது நகர மையம். சந்தை ஒன்றும் வேண்டும். சந்தையையும் நகர மையத்தையும் எவ்வளவு தூரத்தில் வைக்கிறீர்களோ வணிக வண்டி அவ்வளவு அதிகப் பொன் கொண்டுவரும். சுரங்கங்கள் வற்றினாலும் வண்டி வற்றாது. வரைபடத்தின் உங்கள் பக்கத்து மூலையில், எதிரி எளிதில் எட்டாத இடத்தில் சந்தையைக் கட்டுங்கள்.

மாலையில் மின்சாரம் போகும் வீடாக இருந்தால் இந்த இடத்தில் ஆட்டத்தைச் சேமித்து வையுங்கள்.

படி 7: அடிப்பது

நான்காம் காலத்துக்கு 1000 உணவும் 1000 பொன்னும் சந்தையும் தேவை. ஒசிரிஸை எடுத்தால் இரண்டாவது பாரோவைத் தரும் ஆய்வு கிடைக்கும்: ஒருவர் சுரங்கத்தில், ஒருவர் படை உருவாகும் கட்டடத்தில். தோத்திடம் விண்கல். எனக்கு ஒசிரிஸ்தான் பிடிக்கும். விண்கல்லைப் பார்க்க ஆசைப்படும் தம்பிமாரைத் தடுப்பதும் இல்லை.

நான்காம் காலம் வரை காத்திருந்துதான் அடிக்க வேண்டும் என்பதில்லை. மூன்றாம் காலத்திலேயே மிக்டோல் கோட்டையில் போர்யானைகள் கிடைக்கும். உணவும் பொன்னும்தான் விலை. நம்மிடம் இருப்பதும் அவைதான். மதிலையும் கட்டடத்தையும் அவை மிதித்துத் தள்ளும். ஆனால் தனியாக அனுப்பினால் ஈட்டிக்காரர்கள் குத்திவிடுவார்கள். முன்னால் கோடரிக்காரர்களையும் பின்னால் இரண்டு மூன்று பூசகர்களையும் சேர்த்து அனுப்புங்கள். படை புறப்பட்டதும் அடுத்த தொகுதியை வரிசையில் போட்டுவிடுங்கள். முதல் யானை விழும்போது இரண்டாவது தொகுதி பாதி வழியில் இருக்க வேண்டும். எதிரி இந்தச் சண்டையில் மூழ்கியிருக்கும்போது உங்கள் திரையை ஒரு முறை ஊர்ப்பக்கம் திருப்பி, சும்மா நிற்கும் தொழிலாளர் யாரேனும் இருக்கிறார்களா என்று பாருங்கள், கட்டாயம் இருப்பார்கள்.

இதைக் கணினிக்கு எதிராக எளிய நிலையில் ஆடிப் பழகுங்கள். உணவும் பொன்னும் முந்நூறைத் தாண்டாமல் மூன்றாம் காலம் வரை வரமுடிகிறது என்றால் நிலையை ஒன்று கூட்டுங்கள். காலம் உயர்த்துவதற்காகச் சேர்ப்பது மட்டும் இந்தக் கணக்கில் வராது.