டிகாக்ஷன் இறங்காத பித்தளை ஃபில்டர்

திருமங்கலத்தில் பாட்டி புழங்கிய பித்தளைக் காப்பி ஃபில்டருக்கு ஈயம் பூசி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே மதுரைக்குக் கொண்டுவந்த மறுநாள் முதல், நாலு சொட்டு விழுந்ததும் டிகாக்ஷன் நின்றுபோனது.

தூளைச் சற்றுக் கரகரப்பாக அரைத்து வாங்கினேன், சிக்கரியைக் குறைத்தேன், துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தேன். மேல் பாத்திரத்தைத் தனியாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினால் தாராளமாக இறங்கியது. கீழ்ப் பாத்திரத்தின் மேல் பொருத்தினால் மட்டும் நின்றது. இதைக் கவனிக்கவே நான்கு நாட்கள் ஆயின.

ஐந்தாம் நாள், மேல் பாத்திரத்தைச் சற்றே திருகித் தூக்கியபோது 'புஸ்' என்று காற்று வெளியேறி, டிகாக்ஷன் இறங்கத் தொடங்கியது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் உலோகம். பூசும்போது அது வழிந்து, இரண்டு பாத்திரங்களும் பொருந்தும் விளிம்பில் நகக்கண்ணுக்கு மட்டுமே தட்டுப்படும் மெல்லிய வளையமாகத் திரண்டிருந்தது. அந்த வளையம் இடைவெளியை அடைத்துவிட்டதால், கீழே சிக்கிய காற்று வெந்நீரின் சூட்டில் விரிந்து, டிகாக்ஷனை மேலேயே தாங்கி நிறுத்தியிருக்கிறது.

கத்தியால் சுரண்டினால் பித்தளை வெளிப்பட்டுக் களிம்பேறும் என்பதால், ஈயம் பூசுபவரிடமே மீண்டும் கொடுத்தேன். அவர் விளிம்பை மட்டும் சூடாக்கி, நவச்சாரம் தூவிப் பஞ்சால் ஒருமுறை துடைத்தெடுத்தார். அதுவரை, இரண்டு விளிம்புகளுக்கும் இடையே ஒரு பருத்தி நூலைக் குறுக்கே போட்டுக் காப்பி குடித்தோம். இப்போது டிகாக்ஷன் இருபது நிமிடத்தில் முழுதாக இறங்கிவிடுகிறது.