தாய்ப்பாலுக்கும் பசும்பாலுக்கும் ஒரே வழக்கம் பொருந்தாது: சேமிப்பிலும் மாற்றத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகப்பேறு விடுப்பு முடிந்து என் மகள் வேலைக்குத் திரும்பியபோது பேத்திக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. ஃபிரிட்ஜின் உள்தட்டில், மூடியிட்ட சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் தன் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போயிருந்தாள். பதினொரு மணிக்குக் குழந்தை அழுதபோது ஒரு கிண்ணத்தைத் திறந்தேன். மேலே மஞ்சளாக ஏடு படிந்திருந்தது. அதன் கீழே பால் நீலம் பாய்ந்து தண்ணீராகத் தெரிந்தது. திரிந்துவிட்டது என்றே நினைத்தேன். தினமும் பால் காய்ச்சிப் பழகிய கை உடனே பால் பாத்திரத்தைத் தேடியது. அடுப்பைப் பற்றவைக்கும் முன் மகளைப் போனில் கேட்டது நல்லதாயிற்று. "அம்மா, அதைக் காய்ச்சிடாதே. கிண்ணத்தை வெந்நீர்ல வெச்சு லேசா சுழற்று, கலந்துடும்" என்றாள். அப்படியே கலந்துவிட்டது.

அன்று தொடங்கி நான் கவனித்த வரையில், வீடுகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. தாய்ப்பாலைப் பசும்பால் போலக் கையாளுகிறோம். பிறகு பசும்பாலுக்கு மாறும்போது, அதைத் தாய்ப்பால் போல முழு உணவாக நம்பிவிடுகிறோம்.

முதலில் காய்ச்சுவது. கறந்த பாலில் கிருமி இருக்கும் என்பதால் அதைக் காய்ச்சுகிறோம். அது சரியான வழக்கம். தாய்ப்பாலைக் கொதிக்க வைத்தாலோ, அதிலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களும் கொழுப்பைச் செரிக்க உதவும் நொதியும் அழிந்துபோகின்றன. தாய்ப்பால் வங்கிகளில் பாலைச் சூடாக்குகிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே ஒரு தாயின் பால் வேறொரு குழந்தைக்குப் போகிறது என்பதற்காக, கொதிக்க விடாமல் 62.5 டிகிரியில் 30 நிமிடம் மட்டும் வைக்கிறார்கள். தன் தாயின் பாலைக் குடிக்கும் குழந்தைக்கு அது தேவையில்லை. மைக்ரோவேவ் அடுப்பிலும் வைக்கக் கூடாது. பால் சீராகச் சூடாகாமல் அங்கங்கே கொதிநிலைக்குப் போய்விடும். மேலே தொட்டால் இளஞ்சூடாக இருப்பது குழந்தையின் நாக்கைச் சுட்டுவிடலாம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை நிறுத்தி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதே போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைச் சூடாக்காமலே கொடுத்தாலும் தவறில்லை, குழந்தை ஏற்றுக்கொண்டால்.

அடுத்தது காலக் கணக்கு. புதிதாகப் பீய்ச்சிய பால் 25 டிகிரிக்கு மிகாத அறையில் 4 மணி நேரமும், ஃபிரிட்ஜில் 4 நாளும், மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் ஃப்ரீசரில் சுமார் 6 மாதமும் நன்றாக இருக்கும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் தரும் அளவு. இந்த எண்களை அப்படியே நம் சமையலறைக்குக் கொண்டுவரும்போதுதான் பிழை நேர்கிறது. சித்திரை, வைகாசியில் நம் ஊர் அறை 25 டிகிரியில் இருப்பதே இல்லை. எனவே அந்த 4 மணி நேரத்தை மறந்துவிட்டு, பீய்ச்சிய கையோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவதுதான் நல்லது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் உள்ளே இருக்கும் ஐஸ் பெட்டியும் தனி ஃப்ரீசருக்கு இணையாகாது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் குளிர் குறைவதால், அதில் வைத்த பாலை இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கதவுத் தட்டில் பாட்டிலை வைப்பதும் இதே காரணத்தால் கூடாது. மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதியில் இருப்பவர்கள் பெரிய கையிருப்பு சேர்க்காமல், இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து.

ஒரே பெரிய புட்டியில் நிறைத்து வைப்பவர்கள் நிறைய பாலை வீணாக்குகிறார்கள். குழந்தை வாய் வைத்த பாலில் எச்சில் கலந்துவிடுவதால், மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டத்தான் வேண்டும். ஆகவே 60 முதல் 120 மில்லி வரை பிரித்து, தேதியும் நேரமும் எழுதி, பழையதை முன்னால் வைக்க வேண்டும். உறையும்போது பால் விரியும் என்பதால் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. உறைந்த பாலை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால் காலையில் உருகியிருக்கும். முழுதும் உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்தியாக வேண்டும். மீண்டும் உறைய வைக்கவே கூடாது.

சோப்பு வாடை வருகிறது என்று தாய்மார்கள் கொட்டிவிடும் பாலை நினைத்தால் மனம் வலிக்கிறது. தூக்கம் கெட்டு, அலுவலக இடைவேளையில் மறைவிடம் தேடிப் பீய்ச்சிய பால் அது. தாய்ப்பாலிலுள்ள லிப்பேஸ் என்னும் நொதி, சேமித்த பாலில் கொழுப்பை மெல்லச் சிதைப்பதால் அந்த வாடை வருகிறது, பால் கெட்டுவிடவில்லை. பெரும்பாலான குழந்தைகள் முகம் சுளிக்காமல் குடித்துவிடுவார்கள். உண்மையில் கெட்ட பால் புளித்து நாறும். இரண்டையும் மூக்கு எளிதில் பிரித்துச் சொல்லிவிடும்.

இனிப் பசும்பால். ஒரு வயது நிறையும் முன் அதை முக்கியப் பானமாகக் கொடுப்பதே இங்கே நடக்கும் பெரிய தவறு. தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம் புரதம் இருக்க, பசும்பாலில் 3 கிராமுக்கு மேல் இருக்கிறது, உப்புகளும் கூடுதல். அவற்றை வெளியேற்றும் சுமை சிறுநீரகத்தின் மேல் விழுகிறது. அதோடு பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வதையும் அது தடுக்கிறது. சில கைக்குழந்தைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் குடலில் இரத்தம் கசியவும் காரணமாகிறது. இந்தச் சுமையைக் குறைப்பதாக எண்ணிப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதனால் இரும்பு கூடுவதில்லை. குழந்தைக்குக் கிடைக்கும் ஆற்றல்தான் பாதியாகிறது. ஆறு மாதத்துக்குப் பின் சோற்றில் பிசைந்த தயிரும், கூழில் சேர்த்த சிறிது பாலும் வேறு விஷயம், அவற்றைக் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு முன்பே தாய்ப்பால் போதாமல் போனால், என்ன கொடுப்பது என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு வயது நிறைந்த பின் வரும் தவறு வேறு வகை. பிறந்தநாள் முடிந்ததும் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும் என்று யாரோ சொல்ல, மார்பு கட்டிக்கொண்டு தாயும், ஏங்கிப்போய்க் குழந்தையும் அவதிப்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயது வரையும் அதற்குப் பிறகும் தாய்ப்பால் தொடரலாம் என்கிறது. பசும்பாலை அதன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். நிறுத்தியே ஆக வேண்டிய நிலை இருந்தால், சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு வேளையாகக் குறைப்பதுதான் இருவருக்கும் நல்லது.

அளவு தெரியாமல் கொடுப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. "சோறு இறங்கவில்லை, பாலாவது குடிக்கட்டும்" என்று ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை ஊட்டுகிறோம். பாலில் வயிறு நிறைந்த குழந்தைக்குச் சோறு எப்படி இறங்கும்? மலம் இறுகுகிறது, முகம் வெளிறுகிறது, சில குழந்தைகள் மண்ணைத் தின்னத் தொடங்குகின்றன. வெளிறுவதும் மண் தின்பதும் இரத்தசோகையின் பக்கம் கைகாட்டும் அறிகுறிகள். நாளுக்கு 400 முதல் 500 மில்லி போதும், தயிரையும் அதில் சேர்த்தே கணக்கிட வேண்டும். மீதிப் பசிக்கு முட்டை, மீன், ஈரல், பருப்பு, முருங்கைக்கீரை என்று இருக்கட்டும். கீரை மசியலில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பிஸ்கட்டை டீயில் தோய்த்துக் கொடுப்பது அதைக் கெடுக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுப்பது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. கிராம, நகரச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பெறலாம்.

எந்தப் பால் என்ற கேள்விக்கு, இரண்டு வயது வரை கொழுப்பு நீக்காத பால் என்பதே பதில். ஆவின் பாக்கெட்டுகளில் நீலத்தில் 3 சதவீதமும், பச்சையில் 4.5 சதவீதமும், ஆரஞ்சில் 6 சதவீதமும் கொழுப்பு இருக்கிறது. இந்த வயதில் மூளை வளர்ச்சிக்குக் கொழுப்பு வேண்டும் என்பதால், வீட்டில் எல்லோரும் காபிக்குப் பயன்படுத்தும் நீலத்தையே குழந்தைக்கும் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். கறந்த பாலானால் நன்றாகப் பொங்கக் காய்ச்சாமல் கொடுக்கவே கூடாது. சர்க்கரை வேண்டாம். முதல் சில நாட்கள் சிறிய அளவில் கொடுத்துப் பார்க்க வேண்டும். உடம்பில் தடிப்போ, தொடர் வாந்தியோ, மலத்தில் இரத்தமோ தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சப்பும் பாட்டிலுக்குப் பதிலாகக் கிண்ணத்தில் கொடுத்துப் பழக்கலாம். சின்னக் குழந்தைக்கு, பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணமான நம் பாலாடையே போதும், கழுவவும் எளிது.

சுவை மாறியதால் முகத்தைத் திருப்பும் குழந்தைக்கு, கையிருப்பில் உள்ள தாய்ப்பாலில் முக்கால் பங்கும், காய்ச்சி ஆறிய பசும்பாலில் கால் பங்கும் கலந்து தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை விகிதத்தை மாற்றலாம். கலந்ததை அந்த வேளையிலேயே தீர்த்துவிட வேண்டும். எங்கள் ஃப்ரீசரில் கடைசியாக மிஞ்சிய இரண்டு கிண்ணத்தை, பேத்தி ஒரு வயதைத் தாண்டிய வாரத்தில், இளஞ்சூட்டுக்கு ஆறிய கேழ்வரகுக் கூழில் கலந்து கொடுத்தேன். இரண்டையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டாள்.