லாகின் செய்தாலும் மறுபடி லாகின் பக்கமே வந்தால்

பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் ஒரு தளம் என்னை உள்ளே விடவில்லை. திரும்பத் திரும்ப லாகின் பக்கத்துக்கே தள்ளியது. பிரவுசரின் தனிப்பட்ட சாளரமான இன்காக்னிடோவில் முயன்றேன், உடனே திறந்தது. அதில் பழைய குக்கிகள் இருக்காது என்பதால் சந்தேகம் குக்கி மேல் திரும்பியது.

குக்கி என்பது தளம் நம் பிரவுசரில் எழுதிவைக்கும் சிறு குறிப்பு. 1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மான்டுல்லி கொண்டுவந்தது. அந்தத் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் பிரவுசர் அதைத் திருப்பி அனுப்பும். நாம் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று சர்வருக்குத் தெரிவது அப்படித்தான். சர்வர் கைவிட்ட பழைய அடையாளம் பிரவுசரில் தங்கிவிட்டால் சிக்கல் வரலாம்.

எல்லா குக்கியையும் அழிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், மற்ற தளங்களிலும் லாகின் போய்விடும். குரோமில் முகவரிப் பட்டையின் இடது ஓர ஐகானைத் தட்டி, குக்கிகள் பகுதியில் அந்தத் தளத்துடையதை மட்டும் நீக்கினேன். ரீலோட் செய்து லாகின் செய்ததும் உள்ளே போக முடிந்தது.

அங்கேயே நான் போகாத விளம்பரத் தளங்களின் பெயர்களும் இருந்தன! அவை வைத்தவை மூன்றாம் தரப்புக் குக்கிகள். தளம் தளமாக நம்மைப் பின்தொடரப் பயன்படுபவை. செட்டிங்ஸில் தடுத்துவிட்டேன். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 முதல் இவற்றைத் தானாகவே தடுக்கிறது. தடுத்தபின் ஏதாவது தளத்தில் இணைத்த வீடியோ ஓடவில்லை என்றால், அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் பாருங்கள்.