கடலோர வெள்ள வரைபடம்: எந்தப் பூஜ்யத்திலிருந்து அளக்கிறீர்கள்?

போன மாதம் இரண்டு இளைஞர்கள் நாகப்பட்டினம் கரைக்கான வெள்ள அபாய வரைபடத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். நாற்பது பக்கம், அழகான அட்டை. புரட்டப் புரட்ட எனக்கு என் முதல் திட்டம்தான் ஞாபகம் வந்தது, அதே ஓட்டைகள். எந்த மென்பொருள், எத்தனை ஆள் என்பதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும், அதை விடுங்கள். அந்த ஓட்டைகளை மட்டும் சொல்கிறேன்.

யாருக்கு என்று கேட்காமல் தொடங்குவது

புயலுக்கு முந்தைய இரவு எந்தத் தெருவைக் காலி செய்வது என்று பார்க்கும் அதிகாரிக்கு ஒரு வரைபடம் வேண்டும். வீட்டு அடித்தளத்தை எவ்வளவு உயர்த்துவது என்று கேட்பவருக்கு வேறு வரைபடம் வேண்டும். முன்னவருக்கு மோசமான புயல் எதுவோ அது, பின்னவருக்கு நிகழ்தகவு. 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் வர 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு. இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எந்தப் பூஜ்யம்?

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. உயரம் என்று ஒரு எண் வந்தால், அது எதிலிருந்து அளந்த உயரம் என்று யாரும் கேட்பதில்லை. நிலத்தின் மட்டத்தைச் சராசரி கடல்மட்டத்திலிருந்து சொல்வார்கள். கடற்படை வரைபடத்தின் ஆழமும், கடல் ஏறி இறங்கும் நேரத்தையும் மட்டத்தையும் சொல்லும் ஓத அட்டவணையின் எண்ணும் சார்ட் டேட்டம் என்ற இன்னொரு பூஜ்யத்திலிருந்து வருபவை. கடல் வற்றும்போது நிற்கும் தாழ்ந்த மட்டத்தை ஒட்டியது அது. சென்னையில் இந்த இரண்டுக்கும் இடையே அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஜிபிஎஸ் மூன்றாவது பூஜ்யம், பூமிக்குக் கணக்கில் போட்ட ஒரு நீள்வட்ட வடிவத்திலிருந்து அளப்பது: நம் கடற்கரையில் நின்று அளந்தால் மைனஸ் 80, 90 மீட்டர் என்று காட்டும். அந்தப் பிழை நல்ல பிழை, கத்திக்கொண்டே வரும், யாரும் ஏமாற மாட்டார்கள். அரை மீட்டர்தான் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் முதல் திட்டத்தில் நாங்கள் ஓத அட்டவணையில் இருந்த நீர்மட்டத்தை அப்படியே எடுத்து நிலத்தின் மேல் போட்டோம். நான்தான் போட்டேன், சரி. தண்ணீர் எதுவரை ஏறும் என்று கணக்கிடும் கணினி மாடல் ஓடியது, வண்ணம் பூசினோம், கிராமத்துக்குக் கொண்டுபோய் விரித்தோம். புயலே இல்லாத சாதாரணப் பௌர்ணமி ஓதத்துக்கு ஒரு குப்பத்துத் தெரு முழுக்க நீலம். ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அந்தத் தெருவுலதான் நாங்க கருவாடு காயப்போடுறோம்" என்றார். கூட்டமே சிரித்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவசரமாகத் திருத்தப் போய், கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டோம். அரை மீட்டர் ஒரு மீட்டர் ஆனது. அந்தப் பகுதியில் நிலம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவு. அப்படிப்பட்ட இடத்தில் உயரத்தில் ஒரு மீட்டர் தப்பினால் வெள்ளத்தின் விளிம்பு ஒரு கிலோமீட்டர் நகரும். மூன்று மாத வேலை குப்பைக்குப் போனது. திட்டத்தில் இதற்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது பூஜ்யம் நாள், அதிலாவது குழப்பமில்லை.

ஆகவே ஒவ்வொரு தரவுக்கும் பக்கத்தில் அதன் பூஜ்யம் எது, யார் மாற்றினார்கள், கூட்டினார்களா கழித்தார்களா என்று ஒரு அட்டவணை போடுங்கள். பெஞ்ச்மார்க்கிலிருந்து, அதாவது உயரம் குறித்துவைத்த கல்லிலிருந்து, லெவலிங் கருவியால் உயரத்தை அளந்து எடுத்துவர ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். மாடலில் புயலை ஏற்றுவதற்கு முன் வெறும் பௌர்ணமி ஓதத்தை ஓடவிட்டு, எந்தத் தெரு நனைகிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் காட்டுங்கள்.

சவுக்குத் தோப்பைத் தரை என்று நம்புவது

இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் விண்வெளியிலிருந்து ரேடாரால் எடுத்தது. அதற்கு மரத்தலையும் கூரையும்கூடத் தரையின் கணக்குதான். கரையோரச் சவுக்கு வரிசை மாடலில் பெரிய மதிலாக நின்று கடலைத் தடுத்துவிடும், பின்னாலிருக்கும் ஊர் காய்ந்தே கிடக்கும். இப்படி ஒரு ஊரைக் 'காப்பாற்றிய' வரைபடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கடலை மட்டும் பார்ப்பது

புயல் மழையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். கடல் ஏறி நிற்கும்போது வெள்ளாறும் கொள்ளிடமும் வடிய வழியில்லாமல் பின்னால் தேங்கும். மழையை அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளினால், ஆற்றங்கரை ஊர்களை வரைபடத்திலிருந்தே தள்ளியதாக ஆகும்.

தாலுகா எல்லையில் நிறுத்துவது

தண்ணீருக்கு விஏஓ கிடையாது.

முகத்துவாரம் திறந்தே இருக்கும் என்று எடுத்துக்கொள்வது

இருக்காது. மணல் மூடும். போய்ப் பாருங்கள்.

கள ஆய்வை மழையில் வைப்பது

ஆனிக்குள் முடித்துவிடுங்கள். அந்த இளைஞர்களின் திட்டத்தில் 'நான்காம் மாதம் கள ஆய்வு' என்று இருந்தது. விரல்விட்டு எண்ணினேன், சரியாக நவம்பர்.