பைக்கில் எல்இடி இண்டிகேட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பல்பு இண்டிகேட்டர்களைக் கழற்றிவிட்டு எல்இடி போடுவது அரை நாள் வேலைதான் என்று நம்பித் தொடங்குகிறவர்கள், வேலை பாதியில் நிற்க, வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் செய்திருப்பவற்றில் பெரும்பாலானவை நானும் தொடக்கத்தில் செய்தவைதான் என்பதால் எனக்குக் கோபம் வருவதில்லை, ஒன்றைத் தவிர. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் ஒயரில் கை வைப்பது, ஃபியூஸ் போனது தெரியாமல் விளக்கைக் குறை சொல்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் அவை தாமாகவே புரிந்துவிடும்.

ரிலே எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் தொடங்குவது

பல பைக்குகளில் இண்டிகேட்டர் பல்பு ஒவ்வொன்றும் 12 வோல்ட், 10 வாட். ஒரு பக்கம் மின்னும்போது முன்னும் பின்னுமாக இரண்டு பல்புகள் சேர்ந்து ஏறத்தாழ 1.7 ஆம்பியர் இழுக்கும். விளக்கை மின்ன வைக்கும் பழைய இரண்டு கால் ஃபிளாஷர் ரிலே இந்தக் கரண்டை நம்பியே விட்டுவிட்டு இயங்குகிறது. எல்இடி இழுப்பதோ அதில் ஒரு சிறு பங்குதான். எனவே ரிலேயின் வகையைப் பொறுத்து விளக்கு மின்னாமல் எரிந்துகொண்டே நிற்கும், அல்லது படபடவென்று மின்னும். பல ரிலேக்களில் இந்த வேகம் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஏற்பாடு: கரண்டு குறைந்தால் ஒரு பல்பு போய்விட்டது என்று ஓட்டுநருக்குச் சொல்வதற்காக. ஐ.நா. வாகன விதிகளின்படி இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மின்ன வேண்டும்.

இதற்குச் சரியான தீர்வு, கரண்டின் அளவைப் பொருட்படுத்தாத எல்இடி ரிலே. இவற்றில் பல மூன்று கால் கொண்டவை: பேட்டரியிலிருந்து வருவது பி, விளக்குக்குப் போவது எல், பேட்டரியின் நெகட்டிவோடு சேரும் எர்த் இ. ஐரோப்பிய வண்டிகளில் அவற்றையே 49, 49ஏ, 31 என்று குறித்திருப்பார்கள். கால்கள் அமைந்திருக்கும் வரிசை ரிலேக்கு ரிலே மாறும் என்பதால், பழைய சாக்கெட்டில் பொருந்துகிறதே என்று செருகாமல் எழுத்தைப் படித்துச் செருக வேண்டும். இரண்டு கால் ரிலே இருந்த வண்டிக்கு எர்த் ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நான்கும் சேர்ந்து மின்னும்போது ரிலேயைக் குறை சொல்வது

எனக்குக் கோபம் வருவது இதில்தான். இடப்பக்க ஸ்விட்சைப் போட்டால் நான்கு விளக்குகளும் மின்னுகின்றன. வலப்பக்கம் போட்டாலும் அதே கதை. உடனே புது ரிலே பழுது என்று முடிவு கட்டி வேறொன்று வாங்குகிறார்கள், பிறகு அதைவிட விலை கூடியதாக இன்னொன்று. ரிலேக்கு இடமும் தெரியாது, வலமும் தெரியாது. அது கரண்டை விட்டுவிட்டு அனுப்புகிறது, அவ்வளவே. பக்கத்தைப் பிரிப்பது ஹேண்டில்பாரில் இருக்கும் ஸ்விட்ச். பக்கம் குழம்புகிறதென்றால், ஸ்விட்சுக்கு அப்பால் எங்கோ இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடுகின்றன என்று பொருள்.

தொடும் இடம் மீட்டருக்குள் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே இண்டிகேட்டர் விளக்கு கொண்ட பல மீட்டர்களில், அந்தச் சிறு பல்பின் ஒரு கால் இடப்பக்க ஒயரிலும் மறு கால் வலப்பக்க ஒயரிலும் சேர்ந்திருக்கும்; அதற்கென்று தனி எர்த் கிடையாது. இடப்பக்கம் மின்னும்போது கரண்டு மீட்டர் பல்பின் வழியாக வலப்பக்க ஒயருக்குள் நுழைந்து, அங்கே அணைந்து கிடக்கும் இரண்டு பல்புகளின் இழை வழியாக எர்த்துக்குப் போகும். குளிர்ந்த இழையின் மின்தடை ஓரிரு ஓம்தான். 3 வாட் மீட்டர் பல்புக்கோ எரியும்போது சுமார் 48 ஓம். ஆகவே வோல்டேஜ் ஏறக்குறைய முழுவதும் மீட்டர் பல்பிலேயே விழ, வலப்பக்கம் இருட்டாகவே இருக்கும். ஒரு ஒயரை மிச்சப்படுத்துவதற்காக யாரோ யோசித்துச் செய்த கெட்டிக்கார ஏற்பாடுதான், இழை பல்பு இருக்கும்வரை. அந்த இடத்தில் எல்இடி வந்ததும், மீட்டர் பல்பு வழியாக வரும் அதே சிறு கரண்டு அதை எரிய வைக்கப் போதுமானதாகிவிடுகிறது.

எதையும் வாங்குவதற்கு முன்பே, பழைய பல்புகளோடு இதைச் சோதித்துவிடலாம். வலப்பக்கத்தின் முன்பல்பையும் பின்பல்பையும் கழற்றிவிட்டு இடப்பக்க ஸ்விட்சைப் போடுங்கள். வெளியே இடப்பக்கம் மின்னிக்கொண்டிருக்க, மீட்டர் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், அது எர்த்துக்கு வலப்பக்கத்தையே நம்பியிருக்கிறது.

மாற்று வழிக்கு, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகள் இரண்டு போதும். எங்கும் கிடைக்கும் 1என்4007 தாராளமாகத் தாங்கும், ஏனெனில் அது 1 ஆம்பியருக்கானது, 3 வாட் பல்பு இழுப்பது கால் ஆம்பியர். மீட்டர் பல்பின் ஹோல்டருக்கு வரும் இரண்டு ஒயர்களிலும் தலைக்கு ஒன்றாக டையோடைச் சேருங்கள். டையோடின் உடலில் ஒரு முனையையொட்டி வெள்ளிநிறக் கோடு இருக்கும். அந்த முனைதான் பல்பின் பக்கம் பார்க்க வேண்டும். கோடு உள்ள இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்துப் பல்பின் ஒரு காலுக்குக் கொடுத்து, மறு காலை எர்த் செய்துவிடுங்கள். கரண்டு இரு பக்கத்திலிருந்தும் பல்புக்கு வரும், ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக முடியாது. டையோடில் 0.7 வோல்ட் இழப்பு உண்டு. மீட்டர் விளக்கில் அது கண்ணுக்குத் தெரியாது.

இந்த எளிய வழியை விட்டுவிட்டு, விற்பவரின் பேச்சைக் கேட்டு, கூடுதல் கரண்டை இழுப்பதற்கென்றே இருக்கும் லோட் ரெசிஸ்டரை வாங்கிக் கட்டுவதுதான் என்னை எரிச்சலூட்டுகிறது. எரிச்சலுக்குக் காரணம், அது வேலை செய்துவிடுவதுதான். ஒவ்வொரு எல்இடிக்கும் இணையாக 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால், ரிலே பழைய கரண்டைக் கண்டு ஒழுங்காக மின்னும். மீட்டர் பல்பு வழியாக வரும் கரண்டுக்கும் மறுபக்கத்தில் எளிதான பாதை கிடைத்துவிடுவதால் எல்இடி எரியாது. இரண்டு கோளாறும் மறைந்துவிட, பொருத்தியவர் திருப்தியோடு சீட்டை மூடிவிடுகிறார். ஆனால் 12 வோல்ட்டில் 10 ஓம் ரெசிஸ்டர் 14.4 வாட்டைச் சூடாக்குகிறது. என்ஜின் ஓடி வோல்டேஜ் 14 ஆகும்போது அது 20 வாட்டை நெருங்கும். அதன் உடலில் 50 வாட் என்று பொறித்திருப்பது, கனமான உலோகத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கினால் மட்டுமே செல்லும் கணக்கு. சீட்டுக்கு அடியில் ஒயர்களோடு சேர்த்து டேப் சுற்றுவது, சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணியில் சுற்றி வைப்பதற்குச் சமம்.

அப்படிச் சுற்றிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. பழுதாகி நின்றபோது நான்கு இண்டிகேட்டரையும் நெடுநேரம் எரியவிட்டிருக்கிறார் அந்த இளைஞர். சீட்டைத் திறந்தால் டேப் கருகிப் பசையாக ஒழுகியிருந்தது. டெயில் லைட் ஒயர், பிரேக் ஒயர், இண்டிகேட்டர் ஒயர் எல்லாவற்றின் மேலுறையும் உருகி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டதில், எது எந்த ஒயர் என்று நிறத்தை வைத்துச் சொல்லவே முடியவில்லை. பிரேக்கை மிதித்தால் ஃபியூஸ் போனது. பின்பக்க ஒயரிங் முழுவதையும் வெட்டி எடுத்துப் புதிதாக இழுக்க வேண்டியிருந்தது. அவர் ஏற்கெனவே வாங்கியிருந்த எல்இடி ரிலே பையிலேயே கிடந்தது, எந்தக் குறையும் இல்லாமல். மீட்டரில் இரண்டு டையோடைச் சேர்த்து அதையே மாட்டினேன்.

தனி ரிலே இல்லாத வண்டிகள்

புதிய மாடல்கள் சிலவற்றில் மின்னும் வேலையை மீட்டரோ கன்ட்ரோல் யூனிட்டோ செய்யும். அங்கே ரெசிஸ்டர் தவிர்க்க முடியாததாகலாம். அப்படியென்றால் பிளாஸ்டிக்குக்கும் ஒயருக்கும் எட்டாத இடத்தில், உலோகத்தின் மேல்.

ஒயரின் நிறத்தை நம்புவது

கடையில் கிடைக்கும் எல்இடி இண்டிகேட்டர்கள் பலவற்றில் கறுப்பு ஒயர் நெகட்டிவ். அதைக் கொண்டுபோய் வண்டியின் கறுப்பு ஒயரோடு சேர்ப்பவர்கள் உண்டு. ஹோண்டா வண்டிகளில் வழக்கமாகப் பச்சைதான் எர்த். கறுப்பு, சாவியைத் திருப்பினால் கரண்டு வரும் ஒயர். யமஹாவில் கறுப்புதான் எர்த். கரும்பச்சை, வலப்பக்க இண்டிகேட்டர். நிறத்தை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

பிளஸ் மைனஸ் மாறிப்போவது

பெரும்பாலும் எரியாது, அவ்வளவுதான். மாற்றிக் கொடுங்கள்.

பெயிண்டின் மேல் எர்த் தேடுவது

பழைய இண்டிகேட்டர் சிலவற்றில் உலோகத் தண்டே எர்த்தாக வேலை செய்தது. அதனால் விளக்குக்கு ஒரே ஒயர்தான் வந்திருக்கும். புதியதன் தண்டு ரப்பராகவோ பிளாஸ்டிக்காகவோ இருப்பதால் எர்த் ஒயரை எங்காவது இணைத்தாக வேண்டும். பெயிண்ட் அடித்த பிராக்கெட்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் இன்று எரியும், மழைக்குப் பிறகு மங்கும். ஒயரிங்கில் ஏற்கெனவே இருக்கும் எர்த் ஒயரோடு சேர்ப்பதே நல்லது.

முறுக்கி டேப் ஒட்டுவது

வேண்டாம். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள், அல்லது புல்லட் கனெக்டர்.

தண்டின் நட்டை இறுக்குவது

எல்இடி இண்டிகேட்டரின் தண்டு போல்ட் உள்ளே குழாயாக இருக்கும், ஒயர் அதன் வழியாகத்தான் வருகிறது. சாதாரண போல்ட்டை இறுக்கும் பலத்தில் இறுக்கினால் மரையின் அடியில் முறிந்துவிடும், ஒயரையும் அறுத்துக்கொண்டு. பழைய துளை பெரிதாக இருந்தால் நட்டை மேலும் இறுக்கி ஆட்டத்தை நிறுத்தப் பார்க்காமல், இரு பக்கமும் அகலமான வாஷரும் ரப்பரும் வையுங்கள். முன்பக்கம் முடித்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, ஒயர் எங்கும் இழுபடவில்லை என்று பாருங்கள்.

அழகுக்காக ஒளித்து வைப்பது

விளக்கின் கண்ணாடியின் மேல் வட்டத்துக்குள் இ (E) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருந்தால், அது ஐ.நா. விதிப்படி ஒப்புதல் பெற்ற விளக்கு. பைக் இண்டிகேட்டரில் கூடவே 11 என்று இருந்தால் முன்பக்கத்துக்கும், 12 என்று இருந்தால் பின்பக்கத்துக்கும் உரியது. இடைவெளிக்கும் அளவு உண்டு: ஒளி வரும் பரப்புகளுக்கு நடுவே முன்பக்கம் 240 மில்லிமீட்டர், பின்பக்கம் 180 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. விரல் நுனி அளவு விளக்கை நம்பர் பிளேட்டை ஒட்டி வைத்தால், பிரேக் விளக்கின் சிவப்பில் அதன் மஞ்சள் கரைந்துவிடும். ஷெட்டுக்குள் இருட்டில் எந்த விளக்கும் பிரமாதமாகத்தான் தெரியும். நண்பகல் வெயிலில், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, இருபது முப்பது அடி பின்னால் நின்று பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள்; எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று சட்டெனச் சொல்ல முடியவில்லை என்றால் பெரிய விளக்காக மாற்றிவிடுங்கள்.