கேப்டவுனில் புத்தாண்டு: ஏற்பாடு இரண்டு நாளுக்கு

தென்னாப்பிரிக்காவில் ஜனவரி 1 அரசு விடுமுறை. அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்கட்கிழமையும் விடுமுறை. சட்டம் சொல்வது அவ்வளவே. கேப்டவுன்காரர்களுக்கோ ஜனவரி 2-உம் பண்டிகைதான். பெயர் 'ட்வியடெ நூவெ யார்', இரண்டாம் புத்தாண்டு. அடிமைமுறை இருந்த காலத்தில், எஜமானர்கள் முதல் நாள் கொண்டாடி முடித்த பிறகு அடிமைகளுக்குக் கிடைத்த ஓய்வுநாள் அது.

முப்பதாம் தேதிக்குள் இறைச்சி, விறகு, பனிக்கட்டி எல்லாம் வாங்கிவிடுங்கள். 31 மாலை வரிசையில் நிற்பது வீண். பட்டாசு வாங்க வேண்டாம், நகரத்தில் அதற்குத் தடை. கடற்கரையில் மதுவுக்கும் தடை உண்டு, வாசலிலேயே பையைச் சோதித்துப் பறித்துவிடுவார்கள்.

விருந்தென்றால் பிராய்தான், அதாவது விறகுத் தணலில் சுடுவது. இது கோடைக்காலம், எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆறரைக்குப் பற்றவைத்தால் போதும். ரூய்கிரான்ஸ் விறகு நல்லது: கனமானது, தணல் நெடுநேரம் நிற்கும். சுடர் அடங்கி, கங்கின்மேல் வெண்சாம்பல் படிய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுச் சுடரில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வெளியே கரிந்து உள்ளே பச்சையாக நிற்கும். கம்பிவலை இருக்கும் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி ஆறேழு நொடி தாங்க முடிந்தால், பூரவோர்ஸ் என்ற கொத்தமல்லி விதை மணக்கும் சுருள் தொத்திறைச்சிக்கு அதுவே பதம். நான்கு பேருக்கு ஒரு கிலோ. சுருளை அவிழ்க்காமல், மூடிப் பூட்டும் வலையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். முள்கரண்டியால் குத்தாதீர்கள். கொழுப்பு ஒழுகித் தணலில் விழுந்தால் சுடர் எழும்பிக் கறுக்கும், மிஞ்சுவது சக்கைதான்.

தணல் தளர்ந்த பிறகே ரொட்டியின் முறை. இரண்டு துண்டுக்கு நடுவில் சீஸ், தக்காளி, வெங்காயம், கொஞ்சம் பழச் சட்னி, வெண்ணெய் வெளிப்பக்கம். தக்காளி விதையை வழித்துவிடாவிட்டால் ரொட்டி ஊறிப்போகும். இறைச்சியைவிட இதற்குத்தான் சண்டை வரும், ஆளுக்கு இரண்டாகக் கணக்கிடுங்கள்.

31 இரவு நகரின் போ-காப் பகுதித் தெருக்களில் மலாய்ப் பாடகர் குழுக்கள் பாடிக்கொண்டு நடக்கும். நள்ளிரவில் ஊருக்கு வாழ்த்துச் சொல்ல நினைத்தால், இந்தியாவில் அப்போது அதிகாலை மூன்றரை என்பது நினைவிருக்கட்டும்.

முதல் நாள் கடலில் குளிக்கப் போவதானால் கிளிஃப்டன், கேம்ப்ஸ் பே பக்கம் நீர் கோடையிலும் உறையவைக்கும். மியூசென்பெர்க் அந்த அளவுக்குக் குளிராது. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள்.

இரண்டாம் நாள் கிளாப்ஸ ஊர்வலம், அதாவது இசைக்குழுக்கள் ஆடிப்பாடிச் செல்லும் ஊர்வலம்: சாட்டின் உடை, வண்ணம் பூசிய முகம், பாஞ்சோ, கூமா முரசு. சில ஆண்டுகளில் தேதி தள்ளிப்போனதுண்டு, பாதையும் மாறும். நகராட்சி அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். நடுநகரச் சாலைகளை மூடிவிடுவதால் காரைத் தொலைவில் விட்டு நடக்க வேண்டும். உள்ளூர்க் குடும்பங்கள் முந்தின இரவே கூடாரம் போட்டு இடம் பிடித்திருக்கும். குழுக்களுக்கு இடையே நெடிய இடைவெளி விழும் என்பதால் மடக்கு நாற்காலியும் தண்ணீரும் வேண்டும். நண்பகல் வெயில் இங்கே வடக்கிலிருந்து சாய்கிறது, நிழல் கட்டடத்தின் தெற்குப் பக்கம் விழும். குடையை நம்பாமல் தொப்பி எடுத்துச் செல்லுங்கள். தென்கிழக்குக் காற்று கிளம்பினால் குடை திரும்பிக்கொள்ளும்.