ஃபார்முலா ஒன் ரசிகர் ஃபார்முலா இ பார்ப்பது எப்படி

பல வருடம் ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா இ-க்கு வந்தேன். முதல் சில பந்தயங்களில் ஒன்றும் பிடிபடவில்லை. முன்னால் போகிறவர் ஏன் தானாகவே வழிவிடுகிறார் என்று குழம்பினேன்.

யார் முதலிடம் என்பதை மறந்துவிடுங்கள். திரையில் ஓட்டுநர் பெயருக்குப் பக்கத்தில் வரும் சதவீதத்தைப் பாருங்கள். பேட்டரியில் அவருக்கு மிச்சமிருக்கும் மின்சாரம் அது. நான் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, 5 சுற்றுக்கு ஒருமுறை முன்னணியில் இருக்கும் 6 பேரின் கணக்கை எழுதுவேன். காற்றைக் கிழித்துக்கொண்டு முதலில் போகிறவருக்குச் செலவு அதிகம். பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு மிச்சமாகும். வழிவிட்டதன் காரணம் இதுதான்.

அடுத்து, வளைவுக்கு முன்னால் யார் முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார் என்று கவனியுங்கள். எரிபொருளை மிச்சப்படுத்த ஃபார்முலா ஒன்னிலும் இதைச் செய்வார்கள். ஆனால் இங்கே பந்தயமே இதுதான். 2023-இல் வந்த ஜென்3 (மூன்றாம் தலைமுறை) காரில், வேகம் குறையும்போது முன், பின் மோட்டார்கள் சேர்ந்து 600 கிலோவாட் வரை மின்சாரத்தைத் திரும்பப் பிடிக்கும். பந்தயத்தில் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இப்படித்தான் கிடைக்கிறது.

கணக்கு தப்பினால் என்ன ஆகும்? 2021 ஏப்ரல் 24, வலென்சியா. எல்லோரையும் மெதுவாகப் போகவைக்கும் சேஃப்டி கார் வந்ததால் எல்லோருக்கும் மின்சார அளவைக் குறைத்திருந்தார்கள். முன்னால் போன டா கோஸ்டா, பந்தய நேரம் முடிவதற்குச் சில விநாடிகள் முன்பே கோட்டைத் தாண்டியதால், இன்னொரு சுற்று ஓட வேண்டியதாயிற்று. கார்கள் ஒவ்வொன்றாகத் திணறின. சேமித்து வைத்திருந்த நிக் டி வ்ரீஸ் ஜெயித்தார். அந்த வருடப் பட்டமும் அவருக்கே. மறுவருடம் மோன்சாவில், வில்லியம்ஸ் காரில் திடீரென்று ஃபார்முலா ஒன் ஓட்டக் கிடைத்த வாய்ப்பில் 9-ஆவதாக வந்தார். வெர்ன், புயேமி போன்றவர்கள் அங்கிருந்து இங்கே வந்தவர்கள். ஓட்டத் தெரிந்தவருக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அட்டாக் மோட் புரிய அதிக நேரம் ஆகாது. வழக்கமான பாதையை விட்டு விலகிப் போய் ஒரு பகுதியைக் கடந்தால் கொஞ்ச நேரத்துக்குக் கூடுதல் சக்தி கிடைக்கும். விலகும்போது இடம் பறிபோகலாம்.

சரி, எந்தப் பந்தயத்தில் தொடங்குவது? மொனாக்கோ. 2021 முதல் அங்கே ஃபார்முலா ஒன் ஓடும் முழுப் பாதையிலும் ஓடுகிறார்கள், வளைவெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும், அந்த இறக்கத்தில், முதலில் காலை எடுப்பவரின் சதவீதத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.